மாலைதீவில் திருத்திய கணக்கு



மாலைதீவு என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது மாசியாகத்தான் இருக்கும். சம்பலுக்கு இடிப்பதற்கும் கறிக்குப் போடுவதற்கும் நம் குசினிகளில் மாசி இல்லாத நாளில்லை. அந்த மாசி வரும் நாட்டுக்கு ஒரு தவணை விடுமுறையில் நான் போய் வந்தேன். அங்கே கணக்காளராக வேலை செய்யும் என் மச்சான் பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் போனது அவருடைய அழைப்புக்காக மட்டுமல்ல. தரம் 8 பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அது எங்கே பிழைத்தது என்று அந்த இடத்திலேயே பார்க்க விரும்பினேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இஸ்லாம் பாட ஆசிரியன். எங்கள் பாடசாலையில் ஒரு தவணைக்குக் கணித ஆசிரியர் கிடைக்கவில்லை. "மௌலவி, நீங்கள் வாரிசுப் பங்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிறீர்களே. தரம் 8 பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று அதிபர் கேட்டுக்கொண்டார். மறுக்க முடியவில்லை. அரபுக் கல்லூரியில் 'இல்முல் ஃபராயிள்' ஓதிய எவரும் பின்னக் கணக்குக்குப் பயப்படுவதில்லை. மரணித்த பெண்ணுக்குக் கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருந்தால் கணவனுக்கு 1/2, சகோதரிகளுக்கு 2/3. இரண்டையும் கூட்டினால் 7/6 வரும். சொத்தை விடப் பங்கு கூடிவிடும். அப்போது சொத்தை ஏழாகப் பிரித்து, கணவனுக்கு மூன்றும் சகோதரிகளுக்கு நான்கும் கொடுக்கிறோம். அட்சரகணிதத்துக்கு அடித்தளமிட்ட அல்குவாரிஸ்மி அவர்கள் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலிலும் பெரும் பகுதி வாரிசுக் கணக்குத்தான். பங்கு பிரிப்பதில் ஓர் எண் பிழைத்தால் ஒருவருடைய ஹக் இன்னொருவரிடம் போய்விடும். ஆகவே கணக்கும் ஓர் அமானிதம்தான் என்று எங்கள் உஸ்தாதுமார் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

தரவுகளைக் கையாளுதல் என்ற பாடம் வந்தது. இடை, இடையம், வீச்சு எல்லாம் அதில் உண்டு. கிரிக்கெட் ஓட்டங்களை வைத்தே படிப்பிப்பதற்குப் பதிலாக, பிள்ளைகள் அன்றாடம் கேள்விப்படும் காலநிலை மாற்றத்தின் எண்களைக் கொண்டு போனேன். 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் வருடத்துக்கு இடையாக 3.7 மில்லிமீற்றர் உயர்ந்தது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை மாற்றக் குழு தந்துள்ள எண். அதைக் கரும்பலகையில் எழுதினேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மகள் எழுந்தாள். "மௌலவி, எங்கட வாப்பா மாலைதீவில வேல செய்யிறாரு. அந்தத் தீவு எப்ப முழுகும்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவளுடைய முகத்தில் இருந்த பயத்தைப் போக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாலைதீவு நிலத்தின் சராசரி உயரம் ஏறக்குறைய 1.5 மீற்றர். அதாவது 1,500 மில்லிமீற்றர். அதை 3.7ஆல் வகுத்தால் 405. "இன்னும் 405 வருடம் இருக்கிறது மகள். உங்கள் வாப்பா அதற்கு முன் ஊருக்கு வந்துவிடுவார்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அடுத்த கிழமை அவள் என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டாள். "405 வருசம் எண்டு சொன்னீங்க மௌலவி. நேத்து வாப்பாட குசினிக்குள்ள கடல் தண்ணி வந்திட்டாம். அது எப்படி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. "பார்ப்போம் மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் விடை பிழை என்பதை அவளுடைய வாப்பாவின் குசினி எனக்குச் சொல்லிவிட்டது.

மதிலுக்குள் ஒரு தலைநகர்

கட்டுநாயக்காவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். விமானம் இறங்கும்போது கீழே பார்த்தால், நீலத் துணியில் வெள்ளை நூலால் வட்டம் வட்டமாகத் தைத்தது போலப் பவளத் திட்டுகள் தெரியும். மொத்தம் ஏறக்குறைய 1,190 தீவுகள்; மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. மலை இல்லை, குன்று இல்லை, ஆறும் இல்லை.

விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. 2018இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக மச்சான் என்னைத் தலைநகர் மாலேக்கு அழைத்துப் போனார். ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீற்றர் பரப்பில் மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நடப்பது நமது புறக்கோட்டையை நினைவூட்டியது. மறுநாள் காலை மச்சானின் வீட்டில் மஸ்ஹுனியும் ரொஷியும் தந்தார்கள். மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், கொச்சிக்காய், தேசிக்காய்ப் புளி எல்லாம் கையால் பிசைந்தது. நம் மாசிச் சம்பலுக்குத் தங்கை என்று சொல்லலாம்.

மாலேயைச் சுற்றிக் கடலோரத்தில் நான்கு கால் கொண்ட பெரிய கொங்கிறீற்றுக் கட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். 1987 ஏப்ரலில், தெற்கே வெகு தொலைவில் அடித்த புயல்கள் எழுப்பிய பேரலைகள் வந்து மாலேக்குள் புகுந்தன. அதன் பின்னர் யப்பான் நாட்டின் உதவியோடு பல வருடங்களாகக் கட்டப்பட்டதுதான் இந்தக் கடல் மதில். அதே 1987இல் அன்றைய ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் ஐ.நா. பொதுச் சபையில் தம் நாட்டின் கடல் அபாயத்தைப் பற்றிப் பேசினார். 1989 நவம்பரில் சிறிய நாடுகள் இந்த மாலேயிலேயே கூடிக் கடல் மட்ட உயர்வு பற்றி ஒரு பிரகடனமும் செய்தன. உலகம் இதைப் பேசத் தொடங்கும் முன்னரே பேசியவர்கள் இவர்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நான் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் கிழக்குக் கரையில் அன்று யாரையும் இழக்காத குடும்பம் குறைவு. மாலைதீவிலும் நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். மாலேயின் ஒரு பகுதிக்குள் தண்ணீர் வந்தாலும் மதில் பெரும் அழிவைத் தடுத்தது. மதிலில்லாத கந்தொல்ஹுதூ என்ற தீவு வாழ முடியாத அளவுக்குச் சிதைந்தது. அதன் மக்கள் பின்னர் துவாஃபரு என்ற வேறொரு தீவில் குடியேற்றப்பட்டார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். நானும் பிரித்துச் சொல்லத் தவறியிருந்தேன்.

பக்கத்தில் ஹுல்ஹுமாலே என்றொரு தீவு இருக்கிறது. 1997இல் தொடங்கிக் கடலடி மணலை இறைத்து நிரப்பி உருவாக்கிய நிலம் அது. ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரத்துக்கு உயர்த்தியிருக்கிறார்கள். "கடல் ஏறுகிறது என்றால் நிலத்தையும் ஏற்றுகிறோம்" என்று மச்சான் சிரித்தார். ஆனால் நிலத்தை ஏற்றப் பணம் வேண்டும், மணல் வேண்டும். எல்லாத் தீவுக்கும் அது கிடைக்குமா?

சாய்ந்த ஸஃப்

மாலேயின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளியான ஹுகுரு மிஸ்கிய்யின் முற்றத்துக்கும் போனோம். சுல்தான் இப்றாஹீம் இஸ்கந்தர் காலத்தில், 1658ஆம் ஆண்டளவில், பவளக் கற்களைச் செதுக்கி ஒன்றோடொன்று கோத்துக் கட்டிய பள்ளி. மாலைதீவு மக்கள் இஸ்லாத்தைத் தழுவியது 1153ஆம் ஆண்டு என்பார்கள். இப்னு பதூதா அவர்கள் 1343இல் வந்திறங்கி இங்கே காழியாகவும் இருந்திருக்கிறார்கள். அதன் பின்னர்தான் நம் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறினார்கள்.

அந்தப் பள்ளியில் என்னைச் சிந்திக்க வைத்த விடயம் ஒன்று உண்டு. கட்டடம் முந்திய அத்திவாரத்தின் மேல் நேர் மேற்காக எழுப்பப்பட்டது. ஆனால் மாலேயிலிருந்து கிப்லா வடமேற்காக இருக்கிறது. ஆகவே உள்ளே ஸஃப்கள் சுவருக்கு நேராக இல்லாமல் சாய்வாக ஒரு மூலையை நோக்கி அமைந்திருக்கின்றன. கட்டடத்தை இடிக்கவில்லை. சுவர் இருக்கும் திசைதான் கிப்லா என்று பிடிவாதம் பிடிக்கவுமில்லை. கோணத்தைத் திருத்திக்கொண்டு தொழுதார்கள்.

பிழையான கணக்கைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்த எனக்கு, அந்த முற்றத்தில் நின்றபோது கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

குசினிக் கதவில் கோடுகள்

அடுத்த நாள் அந்த மகளின் வாப்பா இருக்கும் தீவுக்கு இயந்திரப் படகில் போனேன். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சில நிமிடத்தில் நடந்துவிடலாம். ஒரு பள்ளி, ஒரு பாடசாலை, சில கடைகள், இரண்டு மூன்று சிறிய விடுதிகள். அவர் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிறார். நம் ஊர் முகத்தைக் கண்ட மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"மகள் சொன்னாள் மௌலவி. 405 வருசம் எண்டு நீங்க கணக்குப் போட்டுக் காட்டினீங்களாம்."

"அதைத்தான் திருத்த வந்தேன் தம்பி."

அவர் என்னைக் குசினிக்கு அழைத்துப் போனார். களஞ்சிய அறைக் கதவு நிலையில் கீழ்ப் பக்கமாகப் பென்சிலால் ஏழெட்டுக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திகதி. கடல் பொங்கி உள்ளே வரும் போதெல்லாம் அரிசி மூடைகளை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத் தாமே போட்டு வைத்த அடையாளங்களாம். பாடசாலையில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட மனிதர். நான் புத்தகத்திலிருந்து எடுத்துப் போன எண்ணை விட, அவருடைய கதவு உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

"எல்லா நாளும் வாறல்ல மௌலவி. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் உயர்ந்து நிக்கிற நேரம் பெரிய அலையும் சேர்ந்து வந்தாத்தான்" என்றார்.

என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஓர் அளவுநாடாவைக் கொண்டு போயிருந்தேன். அதை இறங்குதுறைத் தூணில் கட்டி, ஐந்து வக்துத் தொழுகைக்கும் பிறகு தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கொப்பியில் எழுதினேன். மூன்று நாளில் பதினைந்து எண்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம், அதாவது வீச்சு, 60 சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருந்தது. 600 மில்லிமீற்றர்! ஒரு வருட உயர்வான 3.7 மில்லிமீற்றர், இரண்டு சில்லறைக் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம்தான். சில நாள் ஏற்றவிறக்கமே ஒரு வருட உயர்வைப் போல 160 மடங்குக்கு மேல்.

அப்படியானால் அந்த இரண்டு காசுக் கனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கேதான் 'இடை' வேலை செய்கிறது. ஹுல்ஹுலேயிலும் தெற்கே கன் தீவிலும் 1980களின் இறுதியிலிருந்து கடல் மட்டத்தைக் கருவி வைத்து அளக்கிறார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து செய்மதிகளும் உலகக் கடலை அளக்கின்றன. எத்தனையோ ஆயிரம் அளவுகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. மிஞ்சி நிற்பது மெதுவான அந்த உயர்வு. இடை இல்லாவிட்டால் அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் குசினிக்குள் வருவது இடை அல்ல. அன்றைய ஏற்றமும் அன்றைய அலையும் சேர்ந்த உச்சம்தான் வருகிறது. இடை கொஞ்சம் உயர்ந்தால் அந்த உச்சமும் அதே அளவு உயர்ந்துவிடும். முன்பு வாசற்படியில் நின்ற அலை இப்போது படியைத் தாண்டும். நான் நிலத்தின் சராசரியையும் கடலின் சராசரியையும் வைத்து வகுத்தேன். சராசரி நிலத்தில் எவரும் குடியிருப்பதில்லை. சராசரி அலை எவர் வீட்டுக்கும் வருவதில்லை.

பள்ளியின் அருகே ஒரு கிணறு இருந்தது. தீவின் பெரியவர் ஒருவர் அதைக் காட்டித் திவேஹி மொழியில் ஏதோ சொன்னார். மகளின் வாப்பா எனக்கு மொழிபெயர்த்தார். "சின்ன வயசுல இந்தத் தண்ணியத்தான் குடிச்சாராம். இப்ப வாய் கொப்புளிக்கவும் ஏலாதாம்." மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது, ஆணத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போல. கடல் மேலால் வந்து பாய்ந்தாலும், மக்கள் அளவுக்கு மீறி இறைத்தாலும் அந்தப் படை கெட்டுவிடும். இன்று வீடுகளில் மழைநீர்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒரு தீவு முழுகுவதற்கு வெகு காலம் முன்னரே அதன் கிணறு முழுகிவிடக்கூடும். என் 405க்குள் அந்தக் கிணறு இருக்கவில்லை.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயத்தைக் கூட்டிச் சொல்வதும் பிழையான கணக்குத்தான். பவளத் தீவு என்பது கடலில் நட்டு வைத்த கல் அல்ல. உயிருள்ள பவளத் திட்டுகளிலிருந்து உடைந்து வரும் மணலால் ஆனது. அலையோடு ஒரு பக்கம் கரையும், மறு பக்கம் வளரும். பசிபிக் கடலிலுள்ள துவாலு நாட்டின் தீவுகளை ஆராய்ந்தவர்கள், 1971 முதல் 2014 வரை கடல் உயர்ந்தபோதும் மொத்த நிலப் பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்ததாக 2018இல் வெளியிட்டார்கள். ஆகவே 'இத்தனையாம் ஆண்டில் மாலைதீவு மறைந்துவிடும்' என்று ஓர் ஆண்டைக் குறித்துச் சொல்வதும் என்னுடைய 405ஐப் போன்றதுதான். ஆனால் அந்த மணலைத் தரும் பவளம் கடல் சூடேறும்போது வெளிறிச் சாகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 1998இலும் 2016இலும் மாலைதீவின் பவளங்கள் அப்படிப் பெருமளவில் வெளிறின.

கரும்பலகைக்குத் திரும்பியபோது

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போன முதல் நாள், கரும்பலகையில் 1,500 ÷ 3.7 = 405 என்று எழுதினேன். அதன் கீழே, 'இந்தக் கணக்கில் மௌலவி விட்ட பிழைகள்' என்று எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் தம் பிழையைப் பலகையில் எழுதுவதை அவர்கள் கண்டதில்லை போலும்.

முதற் பிழை, கடல் ஒரே வேகத்தில் உயரும் என்று எடுத்துக்கொண்டது. இதற்கு மூன்று எண்களைக் கொடுத்தேன். 1901 முதல் 1971 வரை வருடத்துக்கு 1.3 மில்லிமீற்றர். 1971 முதல் 2006 வரை 1.9. 2006 முதல் 2018 வரை 3.7. வருடங்களால் பெருக்கச் சொன்னேன். 70 × 1.3 = 91. 35 × 1.9 = 66.5. 12 × 3.7 = 44.4. கூட்டினால் 201.9 மில்லிமீற்றர், ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். அதே காலத்துக்கு விஞ்ஞானிகள் சொல்லும் மொத்த உயர்வும் 20 சென்ரிமீற்றர்தான். தாங்கள் பெருக்கிக் கூட்டிய விடை உலக அறிக்கையோடு ஒத்துப்போனதைக் கண்டு பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். பிறகு வரைபுத் தாளில் வரைந்தார்கள். கோடு நேராகப் போகவில்லை. மூன்று துண்டாக, வரவரச் செங்குத்தாக ஏறியது. "முதல் வேகத்தைப் போல கடைசி வேகம் எத்தனை மடங்கு?" என்றேன். 3.7ஐ 1.3ஆல் வகுத்து, "மூன்று மடங்குக்குக் கிட்ட" என்றார்கள். "அப்படியானால் இனி 405 வருடமும் 3.7ஆகவே இருக்கும் என்று மௌலவி எப்படிச் சொன்னார்?" வகுப்பே சிரித்தது.

ஏன் வேகம் கூடுகிறது என்று கேட்டார்கள். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளந்து வருகிறார்கள். பத்து இலட்சம் பங்கு காற்றில் அது எத்தனை பங்கு என்பதை எழுதிப் போட்டேன். 1960இல் 317, 1970இல் 326, 1980இல் 339, 1990இல் 354, 2000இல் 370, 2010இல் 390, 2020இல் 414. அடுத்தடுத்த எண்களைக் கழித்தார்கள்: 9, 13, 15, 16, 20, 24. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும் காடழிப்பதாலும் சேரும் இந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சூடேறும் நீர் விரிகிறது. விளிம்பு வரை நிரப்பிய கேத்தல் கொதிக்கும் முன்பே வழிவது போல. நிலத்தின் மேலிருக்கும் பனிக்கட்டியும் உருகிக் கடலில் சேர்கிறது. மாலைதீவு எரித்த எண்ணெய் உலகக் கணக்கில் ஒரு துளி. ஆனால் உப்பாகிப் போனது அவர்களுடைய கிணறு. ஒருவர் தின்ற கடனை இன்னொருவர் தலையில் கட்டுவது வாரிசுக் கணக்கில் ஹராம் என்றால் இதில் மட்டும் எப்படி ஹலாலாகும் என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்வியை அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாம் பிழை, இடையை மட்டும் பார்த்து வீச்சையும் உச்சத்தையும் மறந்தது. இதற்கு என் பதினைந்து எண்களையும் குசினிக் கதவின் படத்தையும் காட்டினேன். மூன்றாம் பிழை, தீவைக் கல்லாகவும் வாழ்க்கையை வெறும் உயரமாகவும் எண்ணியது. அதற்குக் கிணற்றின் கதையைச் சொன்னேன்.

கடைசியாக, 2100இல் என்னவாகும் என்றார்கள். 1995 - 2014 கால மட்டத்திலிருந்து, உலகம் மிக விரைவாக வெளியேற்றத்தைக் குறைத்தால் 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரையும், மிக அதிகமாக எரித்தால் 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரையும் கடல் உயரலாம் என்று அந்த ஐ.நா. குழு 2021இல் மதிப்பிட்டிருக்கிறது. "ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஏன் இரண்டு எண்ணாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். மூன்றாவது வரிசை மகள் எழுந்தாள். "அவங்களுக்கும் முழுக்கத் தெரியா, மௌலவி. நாங்க என்ன செய்வோம் எண்டதும் தெரியா."

எங்கள் உஸ்தாதுமார் எந்த ஃபத்வாவையும் 'வல்லாஹு அஃலம்' என்று எழுதித்தான் முடிப்பார்கள். அறிந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு, அறியாததற்கு எல்லை கட்டுவது அது. அன்று அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அதையே கணிதப் பாடத்தில் கேட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். "அப்ப வாப்பாவ வரச் சொல்லவா மௌலவி?"

இந்த முறை நான் கணக்குப் போட்டு ஆறுதல் சொல்லவில்லை. "அது வாப்பாவும் உம்மாவும் பேசி எடுக்கிற முடிவு மகள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாப்பா கவனமான மனிதர். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று அளந்து வைத்திருக்கிறார். எந்த நாளில் வரும் என்றும் அவருக்குத் தெரியும். அளந்து பார்க்கிறவரைக் கடல் திடீரென்று பிடிப்பது குறைவு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பயந்த முகமாகவும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

அன்றிரவு வட்ஸ்அப்பில் வாப்பாவிடம், இனிக் கோடு போடும்போது திகதியோடு நேரத்தையும் எழுதும்படி சொல்லியிருக்கிறாள். சில கிழமைகளுக்குப் பின்னர் புதிய கோடொன்றின் படம் வந்தது. பக்கத்தில் திகதியும் நேரமும் இருந்தன. அதன் கீழே, 'அரிசி நனையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுதியிருந்தது. அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

சகோதரிகளே, இந்தப் பாடத்துக்குப் பெரிய செலவில்லை. உங்கள் வீட்டு முற்றத்தில், மேலும் கீழும் ஒரே அகலமான நேர்ச்சுவர்ப் போத்தல் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். மழை பெய்த ஒவ்வொரு நாளும் ஸுபஹுக்குப் பின்னர் பிள்ளை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதட்டும். ஒரு சதுர மீற்றரில் பெய்யும் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை 50 சதுர மீற்றர் என்றால், 50 மில்லிமீற்றர் மழையில் 2,500 லீற்றர் தாங்கி ஒன்று நிரம்பும். மாதத்துக்கு இடை என்ன, கூடிய நாள் எது, மழையே இல்லாத நாள்கள் தொடர்ச்சியாக எத்தனை என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஒரு வருடக் கொப்பியை வைத்துக் காலநிலை மாறிவிட்டதென்று சொல்ல முடியாது. அதற்குப் பல பத்து வருடங்கள் வேண்டும். அதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கொப்பியைப் பத்திரமாக வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கு உதவும்.

பிள்ளை அளப்பதில் பிழை விட்டால் ஏசாதீர்கள். பிழையை அழிக்காமல், அதன் மேல் ஒரு கோடு கீறிப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்லுங்கள். சூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் தராசைப் பற்றிச் சொல்லியிருப்பது கடைத் தராசுக்கு மட்டுமல்ல என்று நான் எண்ணுகிறேன்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.